செப்புக் காசும் சேது என்ற சொல்லும்



இந்த இலக்கியத் தொடரில் இன்று ஒரு செப்புக் காசைப் பற்றிப் பேச விரும்புகிறேன். காசுக்கும் இலக்கியத்துக்கும் என்ன உறவு என்று சிலர் கேட்கக்கூடும். புலவர்க்கும் காசுக்கும் என்றுமே பொருத்தம் இருந்ததில்லை என்று வேடிக்கையாகச் சொல்வாரும் உளர். ஆயினும் நான் எடுத்துக்கொண்ட காசில் ஓர் உருவமும் ஒரு சொல்லும் உண்டு. படுத்திருக்கும் எருது அந்த உருவம். சேது என்பது அந்தச் சொல். யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச் சக்கரவர்த்திகள் வெளியிட்ட காசு அது. அந்த ஒரு சொல்லைச் சரியாகப் படிப்பதற்கு நமது இலக்கியம் வேண்டும். நமது இலக்கியம் சொல்வதை நம்புவதற்கு அந்தக் காசு வேண்டும். இதுவே இன்றைய பேச்சின் சாரம்.

முதலில் ஒரு சொல்லாராய்ச்சி. அரசருடைய அடையாளச் சின்னத்தை இலச்சினை என்கிறோம். அது இலாஞ்சனை என்ற வடசொல்லின் வழியாக வந்தது. அதற்கு முன்பே தமிழில் வழங்கிய சொல் பொறி. பொறி என்றால் அடையாளம், புள்ளி, தீப்பொறி, ஐம்பொறி, இயந்திரம். திருமகளுக்கும் நல்லூழுக்கும்கூட அந்தப் பெயருண்டு. சூடேறிய உலோகத்தின்மீது சம்மட்டி விழும்போது தெறிப்பதும் பொறி. அந்த உலோகத்தில் அழுந்திப் பதிவதும் பொறி. இந்தப் பொருத்தத்தை நினைக்குந்தோறும் நம் முன்னோரின் சொல்வளம் வியப்பூட்டுகிறது.

பொறியைப் பற்றிய செய்திகள் பழந்தமிழ் இலக்கியத்தில் நிறைய உண்டு. வில்லையும் புலியையும் மீனையும் இமயத்திலே பொறித்ததாக மூவேந்தரைப் புலவர்கள் பாடினார்கள். அதைப் புலவரின் மிகையென்று தள்ளுவோர் தள்ளட்டும். ஆனால், கடியலூர் உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையிலே காட்டும் காட்சி வேறு வகையானது. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையிலே ஏற்றவும் இறக்கவும் குவித்த பண்டப் பொதிகளின்மேல், சுங்கம் கொள்வோர் சோழரின் புலிப்பொறியை இடுகிறார்கள். இங்கே பொறி என்பது அரசாங்க நடைமுறை. பொதியைச் சுமப்பவனுக்கு எழுத்துத் தெரிய வேண்டியதில்லை. புலியைப் பார்த்தால் போதும். சுங்கம் தீர்ந்தது என்று அறிந்துகொள்வான்.

பிற்காலச் சோழர்களிடம் இந்த வழக்கம் செப்பேடுகளில் தொடர்ந்தது. முதலாம் இராசேந்திரனுடைய திருவாலங்காட்டுச் செப்பேடுகள் 31 ஏடுகள் கொண்டவை. அவற்றைக் கோத்த வளையத்தின் முத்திரையிலே புலியும் இரட்டை மீனும் வில்லும் ஒருங்கே காணப்படுகின்றன. சோழன் தன் புலியோடு பாண்டியரின் மீனையும் சேரரின் வில்லையும் ஏன் வைத்தான்? அவர்களும் என் குடைக்கீழ் அடங்கியவர்கள் என்று சொல்வதற்காக. ஏடுகள் நீளமாகப் பேசும் மெய்க்கீர்த்தியை முத்திரை ஒரே பார்வையில் சொல்லிவிடுகிறது.

நமது குடாநாட்டிலும் பொறிக்குத் தொன்மை உண்டு. 1980ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தினர் ஆனைக்கோட்டையில் நடத்திய அகழாய்விலே, பெருங்கற்காலப் புதைகுழி ஒன்றில் ஒரு சிறு முத்திரை கிடைத்தது. மேல்வரியில் குறியீடுகள், கீழ்வரியில் பிராமி எழுத்துகள். குறியும் எழுத்தும் ஒன்றன்கீழ் ஒன்றாக, ஒன்றுக்கொன்று துணையாக நிற்கின்றன. எருதும் சேது என்ற சொல்லும் சேர்ந்து நிற்கும் காசைப் பார்க்கும்போது இந்த முத்திரையும் நினைவுக்கு வரும்.

இனி, நேயர்களைச் சிறிது தூரம் அழைத்துச் செல்கிறேன். நமது ஆரியச் சக்கரவர்த்திகள் தலையெடுத்த அதே காலத்தில் எகிப்தையும் சிரியாவையும் ஆண்டவர்கள் மம்லூக் சுல்தான்கள். 1250 முதல் 1517 வரை அவர்களுடைய ஆட்சி நடந்தது. இடைக்கால இஸ்லாமியக் கலையிலே உலோக வேலை உச்சம் பெற்ற காலங்களில் அதுவும் ஒன்று. பித்தளையிலே பெரிய தாம்பாளங்களும் கிண்ணங்களும் விளக்குத் தண்டுகளும் செய்தார்கள். அவற்றின்மேல் சிற்றுளியால் பள்ளம் வெட்டி, அந்தப் பள்ளத்திலே மெல்லிய வெள்ளித் தகட்டை வைத்துத் தட்டி இறுக்குவார்கள். வெள்ளிக்கு இடைப்பட்ட நிலத்தைக் கரிய நிறமான ஒரு பூச்சால் நிரப்புவார்கள். மஞ்சள் பித்தளையும் வெண்மையான வெள்ளியும் கருநிறமும் ஒன்றையொன்று எடுத்துக்காட்டும். ஈராக்கிலுள்ள மோசூல் நகரம் இந்த வேலைக்குப் பெயர்பெற்றிருந்தது. மங்கோலியர் படையெடுப்புக்குப் பின் இந்தக் கலை டமாஸ்கசிலும் கெய்ரோவிலும் செழித்தது. தக்காணத்துப் பிதர் நகரிலே கரிய உலோகத்தில் வெள்ளி பதிக்கும் பித்ரி வேலை இதே மரபின் உறவினன் எனலாம்.

இந்தப் பாத்திரங்களில் வட்டத்துக்குள்ளோ கேடய வடிவத்துக்குள்ளோ சில சின்னங்கள் வருகின்றன. கிண்ணம், வாள், எழுதுகோற்பெட்டி, துவாலை, குதிரைமேலிருந்து பந்தடிக்கும் கோல் முதலியன. இவற்றை ‘ரன்க்’ என்று அழைத்தார்கள். நிறம் என்று பொருள்படும் ‘ரங்’ என்ற பாரசீகச் சொல்லிலிருந்து வந்தது அது. மம்லூக் என்ற சொல்லுக்கே உடைமையாக்கப்பட்டவன், அதாவது அடிமை என்று பொருள். தொலைதூரப் புல்வெளி நாடுகளிலிருந்து சிறுவர்களாக விலைக்கு வாங்கப்பட்டு, படைப்பயிற்சி பெற்று, அரண்மனையில் ஏவல் செய்து, பின் தளபதிகளாக உயர்ந்தவர்கள் அவர்கள். சுல்தானுக்குப் பானம் கொடுத்தவனுக்குக் கிண்ணம்; வாள் ஏந்தியவனுக்கு வாள்; எழுத்துப்பணி பார்த்தவனுக்கு எழுதுகோற்பெட்டி; உடைகளுக்குப் பொறுப்பாயிருந்தவனுக்குத் துவாலை. பல இலச்சினைகள் இவ்வாறு அவரவர் பார்த்த பணியையே காட்டின. பெருந்தளபதியாகிப் பள்ளிவாசலும் பாலமும் கட்டிய பின்பும், தான் ஒருகாலத்தில் ஏந்திய கிண்ணத்தையே அவன் தன் அடையாளமாக எங்கும் பொறித்தான். தந்தை பெயரும் குலப் பெயரும் சொல்லிக்கொள்ள வழியில்லாதவனுக்குத் தொழிலே குலமாயிற்று. மாய்யர் என்ற அறிஞர் 1933இல் வெளியிட்ட நூல் இந்த இலச்சினைகளை விரிவாக ஆராய்ந்தது.

சுல்தான் பைபார்சு தன் காசிலும் பாலங்களிலும் சிங்க உருவத்தை வைத்தான். ஏமன் நாட்டை ஆண்ட இரசூலிய சுல்தான்கள் ஐந்திதழ் மலரைத் தமக்குரிய சின்னமாகக் கொண்டார்கள். அவர்களில் ஒருவனான அல் முசாபர் யூசுப்புக்காகச் செய்யப்பட்ட, ஐந்திதழ் மலர் பொறித்த கணப்புச் சட்டி இன்று நியூயோர்க்கின் மெற்றோபொலிற்றன் நூதனசாலையில் இருக்கிறது.

கெய்ரோவும் ஏமனும் நமக்கு எவ்வளவு தூரம் என்று நினைக்க வேண்டாம். 1283ஆம் ஆண்டு யாப்பகூவாவிலிருந்து ஆண்ட முதலாம் புவனேகபாகு, கெய்ரோவிலிருந்த சுல்தான் கலாவூனிடம் தூது அனுப்பினான். பொற்பேழை ஒன்றிலே ஓலை சென்றது. அங்கே அதைப் படிக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. தூதர் வாய்மொழியாகவே செய்தியைச் சொல்ல வேண்டியதாயிற்று. முத்தும் மாணிக்கமும் யானையும் கறுவாவும் தன்னிடம் உண்டு என்றும், ஏமன் அதிபதியின் தூதைத் தான் ஏற்காமல் எகிப்தின் நட்பையே நாடுவதாகவும் மன்னன் சொல்லியனுப்பினான். எழுத்து ஊமையாகிவிட்ட அந்தச் சபையில், பொற்பேழைதான் அனுப்பியவனின் தகுதியைப் பேசியிருக்கும். அடுத்து நிகழ்ந்ததை நமது வரலாறு அறியும். பாண்டியருக்காகப் படையெடுத்து யாப்பகூவாவைத் தாக்கித் தந்தத் தாதுவைக் கொண்டு சென்றவன், ஆரியச் சக்கரவர்த்தி என்ற பெயர் தாங்கிய தலைவன்.

அறுபது ஆண்டுகள் கழிந்தபின், 1344இல், அரபுப் பயணி இபுனு பத்தூத்தா புத்தளம் பக்கமாகக் கரையிறங்கி ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்தார். அந்த மன்னனுக்குப் பாரசீக மொழி விளங்கியது என்றும், பிறநாட்டு மன்னரைப் பற்றிய கதைகளை அவன் விரும்பிக் கேட்டான் என்றும் எழுதியிருக்கிறார். அவனுடைய கப்பல்கள் 100ஐத் தாம் மாபாரில், அதாவது பாண்டிநாட்டுக் கரையில், கண்டதாகவும் சொல்கிறார். கப்பலும் முத்தும் கறுவாவும் கைவசம் வைத்திருந்த அரசு காசு அடிக்காமல் இருக்க முடியாது. கடல்வழியே வந்து போகும் பன்மொழி வணிகரின் கையில் புழங்கும் காசிலே அந்த அரசு தன்னை எப்படி அறிமுகம் செய்தது என்பதே நமது கேள்வி.

காசைப் பார்ப்போம். ஒருபுறம் நிற்கும் மனித உருவம். இது புதியதன்று. முதலாம் இராசராச சோழன் காலத்திலிருந்து ஈழத்திலும் தமிழகத்திலும் வழங்கிய காசு வகை. ஒருபுறம் நிற்கும் மன்னன். மறுபுறம் அமர்ந்த உருவமும், நாகரி எழுத்திலே மன்னன் பெயரும். பராக்கிரமபாகு, நிசங்கமல்லன், புவனேகபாகு எனப் பின்வந்த சிங்கள மன்னர்களும் இதே அமைப்பைப் பின்பற்றித் தத்தம் பெயரைப் பொறித்தார்கள். யாழ்ப்பாண அரசு முன்புறத்தை அப்படியே வைத்துக்கொண்டது. பழகிய காசை மக்கள் தயங்காமல் வாங்குவார்கள் அல்லவா? மறுபுறத்தை மாத்திரம் மாற்றியது. அமர்ந்த உருவம் இருந்த இடத்திலே முன்னங்கால் மடித்துப் படுத்திருக்கும் எருது வந்தது. மேலே பிறை. கீழே நாகரி நீங்கித் தமிழ் எழுத்து வந்தது. மன்னன் பெயர் இருந்த இடத்திலே சேது என்ற ஒரு சொல் வந்தது.

இந்த மாற்றத்தைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். யாழ்ப்பாண மன்னர்கள் செகராசசேகரன், பரராசசேகரன் என்ற பட்டப்பெயர்களை மாறி மாறித் தாங்கினார்கள். இரண்டும் நல்ல ஓசையுள்ள பெயர்கள். ஆனால் இந்தக் காசில் அவை இடம்பெறவில்லை. ஒரு மன்னன் போய் இன்னொரு மன்னன் வந்தபோதும் அச்சு அதே சொல்லைத்தான் சொன்னது. சேது என்பது இராமேசுவரத்துத் திருவணை. இக்கரைக்கும் அக்கரைக்கும் இடைப்பட்ட ஆழமற்ற கடல், யாத்திரிகரின் வழி, முத்துக் குளிக்கும் துறைகளின் அயல். அதைக் காப்பதே இந்த அரசின் பெருமையும் வருவாயும். கெய்ரோவின் தளபதி தான் ஏந்திய கிண்ணத்தைப் பொறித்தான். யாழ்ப்பாண மன்னன் தான் காக்கும் அணையைப் பொறித்தான். இரண்டும் ‘நான் யார்’ என்ற கேள்விக்கு ‘நான் செய்வது இது’ என்று விடை சொல்கின்றன. கெய்ரோவில் ஒரு தனிமனிதன் சொன்னதை இங்கே ஓர் அரசு முழுவதுமே சொல்லியது.

இந்த இடத்தில்தான் இலக்கியம் துணைக்கு வருகிறது. சேது என்று எழுதிய காசு இராமநாதபுரத்துச் சேதுபதிகளுடையதாக இருக்கலாகாதா என்று முன்னர்ச் சிலர் கருதினார்கள். நியாயமான ஐயந்தான். சேதுபதி என்ற பெயரிலேயே அந்தச் சொல் இருக்கிறதே. ஆனால் கேகாலை மாவட்டத்திலே, கொட்டகம என்னும் ஊரில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று உண்டு. அதில் உள்ளது ஒரு வெண்பா. சிங்கைநகர் ஆரியனைச் சேராத பகைவருடைய மகளிர் அடைந்த துயரை அணிநயம்படச் சொல்லும் பாட்டு. வென்ற நிலத்திலே கல்லில் வெண்பாப் பொறித்த அரசு நம்முடையது என்று தமிழாசிரியர்கள் பெருமைப்படலாம். அந்தக் கல்வெட்டு சேது என்ற சொல்லோடு தொடங்குகிறது. வெண்பாவின் சீர்களில் அது அடங்காது. பாட்டுக்கு வெளியே, தலைப்பிலே, முத்திரைபோல நிற்கிறது. காசிலே எருதின்கீழ் எந்த இடத்தில் நின்றதோ, கல்லிலே வெண்பாவின்மேல் அதே உரிமையோடு நிற்கிறது.

யாழ்ப்பாண மன்னர் அவையில் எழுந்த செகராசசேகரமாலை சோதிட நூல். நாள் பார்க்கவும் கோள் பார்க்கவும் உதவும் நூலில் வரலாறு இருக்கும் என்று யார் எதிர்பார்ப்பார்? ஆனால் அங்கே அரசனைச் சிறப்பிக்கும் இடங்களில் இடபக் கொடியும் சேதுவும் பேசப்படுகின்றன. கொட்ரிங்டன் 1924இல் வெளியிட்ட இலங்கை நாணயங்கள் பற்றிய நூலும், முதலியார் இராசநாயகத்தின் 1926ஆம் ஆண்டு நூலான பண்டைய யாழ்ப்பாணமும், பேராசிரியர் பத்மநாதனின் 1978ஆம் ஆண்டு நூலான யாழ்ப்பாண இராச்சியமும் இந்தத் துறையில் நமக்கு வழிகாட்டுகின்றன. காசும் கல்லும் பாட்டும் மூன்றும் ஒரே சொல்லைச் சொல்லும்போது ஐயம் விலகுகிறது. பாட்டு மாத்திரம் இருந்தால் புகழ்ச்சி என்று ஒதுக்கியிருப்பார்கள். காசு மாத்திரம் இருந்தால் அடுத்த கரைக்குக் கொடுத்திருப்பார்கள்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். சின்னத்தைக் கண்டவுடன் குலத்தைத் தீர்மானிப்பது ஆபத்து. எருது பல்லவரின் சின்னமும்கூட. கலிங்கத்துக் கங்க மன்னரின் சிறு பொற்காசுகளிலும் படுத்த எருது உண்டு. அதைக்கொண்டு நமது மன்னர்களைக் கலிங்கத்திலிருந்து வருவித்தவர்கள் உளர். ஆனால் எருது சிவபெருமானின் ஊர்தி. சைவ மன்னன் எவனும் எங்கிருந்தும் அதைக் கொள்ளலாம். மேலும், சின்னங்கள் கைமாறும். பாரிஸ் லூவர் நூதனசாலையில் ஒரு பெரிய பித்தளைத் தாம்பாளம் இருக்கிறது. முகம்மது இபுனு அல் சயின் என்ற கலைஞர் 14ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வெள்ளி பதித்துச் செய்தது. தன் பெயரை அதில் ஆறு இடங்களில் பொறித்திருக்கிறார். அந்தத் தாம்பாளம் பிரான்சுக்குப் போய், அரச குழந்தைகளின் ஞானஸ்நானத்துக்குப் பயன்பட்டது. 1270இல் இறந்துபோன புனித லூயி மன்னரின் பெயரையும் அதற்குச் சூட்டினார்கள். அதிலிருந்த பழைய கேடயச் சின்னங்களின்மீது பிற்காலத்தில் அல்லிமலர்ச் சின்னம் வெட்டப்பட்டது. சின்னத்தை மாத்திரம் நம்பிப் படிப்பவர், அதைச் செய்த முகம்மதுவை மறந்துவிடுவார். சின்னத்தையும் எழுத்தையும் சேர்த்துப் படிப்பவரே உண்மையைக் காண்பார்.

1619இல் சங்கிலி மன்னன் போர்த்துக்கேயரிடம் சிறைப்பட்டான். நல்லூர்க் கோயில் 1621இல் இடிக்கப்பட்டது. எருதுக் காசு அடிக்கும் அக்கசாலைக்கு இனி வேலையில்லை. பின்னர் வந்த ஒல்லாந்தர் தங்கள் கிழக்கிந்தியக் கம்பனியின் மூன்று எழுத்துகளை ஒன்றோடொன்று பிணைத்துச் செப்புத் துட்டுகளிலே பொறித்தார்கள். மறுபுறத்தில் தங்கள் மாகாணங்களின் கேடயச் சின்னங்களை வைத்தார்கள். அதுவும் பொறிதான். ஆனால் அந்த எழுத்துகள் ஒரு வணிகக் கணக்கைச் சொல்லின. சேது என்ற சொல் ஒரு கடமையைச் சொல்லியது.

இனி நம் காலத்துக்கு வருவோம். யாழ்ப்பாண அரசின் அரண்மனை என்று முழுதாகக் காட்ட நம்மிடம் கட்டடம் இல்லை. சங்கிலியன் தோப்பு வாயிலையும் மந்திரிமனையையும் காட்டி ஆறுதல் அடைகிறோம். அவையும் இன்று காணும் வடிவில் பிற்காலத்தவை என்பர். யாழ்ப்பாண வைபவமாலை ஒல்லாந்தர் காலத்திலே மயில்வாகனப் புலவர் எழுதியது. அரசு மறைந்து ஒரு நூற்றாண்டுக்குப் பின் வந்த நூல். ஏடுகள் கறையானுக்குப் போயின. 1981இல் யாழ்ப்பாணப் பொதுசன நூலகம் எரிக்கப்பட்டபோது 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. இத்தனைக்கும் பிறகு, அந்த அரசு தன் கையாலேயே நமக்குக் கொடுத்துச் சென்ற சாட்சிகளில் எண்ணிக்கையில் மிகுந்தது இந்தச் செப்புக் காசுதான்.

தாளுக்கு எதிரி நெருப்பு என்றால், செம்புக்கும் அதுவே எதிரி. பழஞ்செம்பு என்றும் விலைபோகும் பொருள். யாழ்ப்பாண நகரத்திலே கன்னாதிட்டி என்றோர் இடம் இருக்கிறது. பித்தளையும் செம்பும் வார்த்துப் பாத்திரம் செய்த கன்னாரின் பெயரால் வழங்குவது. நமது வீட்டு விளக்குகளும் குடங்களும் செம்புகளும் கன்னார் கைகளில் உருவானவை. பழையதைக் கொடுத்துப் புதியது வாங்குவது நமது வழக்கம். அப்படி எத்தனை எருதுகள் உருகிக் குடமாயினவோ! மம்லூக் காலத்துத் தாம்பாளங்களிலும் வெள்ளி பதித்த இடங்கள் பல வெறும் பள்ளமாகக் கிடக்கின்றன. வெள்ளி உதிர்ந்ததும் உண்டு. வெள்ளியின் விலைக்காகப் பெயர்த்தெடுத்ததும் உண்டு. உலோகக் கலையின் விதி எங்கும் ஒன்றே.

உருகாமல் தப்பும் காசுக்கும் இன்னொரு இடர் உண்டு. வீடு கட்ட அத்திவாரம் வெட்டும்போது, கிணறு இறைக்கும்போது, தோட்டம் கொத்தும்போது ஒரு பச்சைபிடித்த காசு அகப்படுகிறது. புளிபோட்டுத் தேய்த்து மினுக்கி, சேகரிப்பவருக்கு விற்றுவிடுகிறார்கள். தேய்த்த தேய்ப்பில் எழுத்து மங்குகிறது. விற்ற விற்பனையில் ஊர் மறைகிறது. எங்கே, எந்த ஆழத்தில், எந்த ஓட்டாஞ்சில்லோடு கிடைத்தது என்பது தெரியாத காசு, கையொப்பம் கிழிக்கப்பட்ட உறுதிபோன்றது. இராமநாதபுரமா யாழ்ப்பாணமா என்ற பழைய வழக்கிலே, இந்த வகைக் காசுகள் இலங்கையின் வடபாகத்தில் கிடைத்தமையும் ஒரு சான்றாயிற்று. கிடைத்த ஊரை யாரோ ஒருவர் அக்கறையாகக் குறித்துவைத்தமையால் வந்த பயன் அது.

நந்திக்கொடியை நாம் சைவ விழாக்களில் ஏற்றுகிறோம். அதை ஏற்றும் பிள்ளைகளிடம், இந்த எருது ஒருகாலத்தில் நமது சந்தைகளிலே மீனுக்கும் நெல்லுக்கும் கைமாறிய காசிலே படுத்திருந்தது என்று ஆசிரியர்கள் சொல்ல வேண்டும். பாடசாலையில் வரலாறு ஒரு பாடவேளை, தமிழ் ஒரு பாடவேளை என்று பிரித்துவைத்திருக்கிறோம். சேதுக் காசைக் கற்பிக்க எந்தப் பாடவேளை? இரண்டு ஆசிரியரும் ஒரே வகுப்புக்குள் வர வேண்டிய பாடம் அது. நாவலர் வீதியிலுள்ள தொல்பொருள் நூதனசாலைக்கு மாணாக்கரை அழைத்துச் செல்லும் ஆசிரியர், பட்டினப்பாலையின் புலிப்பொறியைச் சொல்லிவிட்டு அழைத்துச் செல்லட்டும். பாட்டிலே படித்த பொறி என்ற சொல் பிள்ளைகளுக்கு அங்கே கண்ணுக்குத் தெரியும்.

உங்கள் வீட்டிலோ தோட்டத்திலோ அப்படி ஒரு காசு அகப்பட்டால், தேய்க்க வேண்டாம். எடுத்த இடத்தையும் நாளையும் ஒரு தாளில் எழுதுங்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து வரலாற்றுத் துறையினருக்கோ தொல்பொருள் திணைக்களத்தினருக்கோ காட்டுங்கள். பெயர் பொறிக்காத மன்னர் விட்டுச்சென்ற சொல்லுக்கு, அது கிடைத்த ஊரின் பெயரையாவது நாம் சேர்த்து வைப்போம்.